கூட்டைக் கண்டவன் கடமை



சென்ற ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் நமது வாலிபர் சிலர் கோயில் வேப்பமரத்தடியில் நின்று ஒரு யோசனை பேசிக்கொண்டிருந்தார்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் கண்மாய்க்குத் தண்ணீர் வந்திருக்கிறது. தண்ணீரோடு பறவைகளும் வந்திருக்கின்றன. விடுமுறையில் ஒரு சனிக்கிழமை இரவு கரைப்பக்கம் கூடாரம் போட்டுத் தங்கி, விடியற்காலையில் பறவைகளைப் பார்த்துவிட்டு, ஞாயிறு பூசைக்குத் திரும்பிவிட வேண்டும் என்பது அவர்கள் திட்டம். அருகில் நின்ற அப்பத்தா ஒருவர் இதைக் கேட்டுவிட்டு, "ஏப்பா, கொக்கப் பாக்கவா ராத்தூக்கத்தக் கெடுக்கப் போறீக? நம்ம கண்மாயில பாக்காத கொக்கா? பாத்து என்ன ஆகப் போகுது?" என்று கேட்டார்.

வாலிபர்கள் சிரித்தார்களேயொழியப் பதில் சொல்லவில்லை. ஆனால் அந்தக் கேள்வி சிரித்துத் தள்ளிவிடத்தக்கது அல்ல. பறவையைப் பார்ப்பது வீண் பொழுதுபோக்குத்தானா? அல்லது ஒரு கிறிஸ்தவனுக்கு அதில் ஏதேனும் நன்மை உண்டா? நன்மை உண்டென்றால், பார்த்துவிட்டு வந்தவனுக்கு அதனால் ஒரு கடமையும் உண்டாகிறதா? இவற்றை இவ்வாரம் உங்களோடு சேர்ந்து சிந்திக்க விரும்புகிறோம்.

அருப்புக்கோட்டை, திருச்சுழிச் சீமையில் பிறந்தவர்களுக்குத் தண்ணீரின் அருமையை எவரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. வற்றாத ஆறு நமக்கில்லை. குண்டாறு மழைக்கு ஓடும். மழை நின்றால் மணலாய்க் கிடக்கும். ஆகவே நம் முன்னோர் மேட்டிலிருந்து பள்ளம் வரை ஒன்றன்பின் ஒன்றாய்க் கண்மாய்களை வெட்டினார்கள். மேல்கண்மாய் நிரம்பிக் கலுங்கில் வழியும் நீர் கீழ்க்கண்மாய்க்குப் போய்ச் சேரும்படி வாய்க்கால் வகுத்தார்கள். கரிசல் காட்டில் கம்பும் சோளமும் பருத்தியும் மல்லியும் வானத்தை நம்பி நிற்க, நெல் மட்டும் கண்மாயை நம்பி நிற்கிறது.

அந்தக் கண்மாயை நம்பி இன்னொரு கூட்டமும் வருகிறது. மழை நன்றாய்ப் பெய்த ஆண்டுகளில் தென்சீமைக் கண்மாய்களில் மஞ்சள்மூக்கு நாரை, நத்தைகொத்தி நாரை, சாம்பல் நாரை, கூழைக்கடா, நீர்க்காகம், வக்கா, அரிவாள்மூக்கன் முதலியவை வந்து கூடுகட்டுகின்றன. கண்மாயின் உள்வாயில் நிற்கும் நாட்டுக் கருவேல மரங்களே அவற்றின் வீடுகள். தரையில் எத்தனையோ மரங்கள் இருக்க, தண்ணீருக்குள் நிற்கும் முள்மரத்தை அவை ஏன் தேடுகின்றன? மரத்தைச் சுற்றித் தண்ணீர் நின்றால் பூனையும் நரியும் எளிதில் அண்ட முடியாது. கீழே நீரில் மீனும் நத்தையும் தவளையும் குஞ்சுகளுக்கு இரையாகும். தண்ணீர் அவற்றுக்கு அரணும் அடுக்களையுமாய் இருக்கிறது. கார்த்திகையில் கட்டிய கூட்டில் முட்டையிட்டு, ஏறக்குறைய ஒரு மாதம் அடைகாத்து, குஞ்சுகளை வளர்த்து, மாசி பங்குனியில் தண்ணீர் வற்றுமுன் பறக்கச் செய்துவிட வேண்டும். கண்மாய் முன்னதாகவே வற்றிவிட்டால் தாய்ப்பறவைகளுக்கு இரை தேட வழியில்லாமல் போகும். குஞ்சுகள் கூட்டிலேயே மாளும். மழை பொய்த்தால் வாடுவது நாம் மட்டுமல்ல.

இனி அப்பத்தாவின் கேள்விக்கு வருவோம். பார்த்து என்ன ஆகப்போகிறது?

சேசுநாதர் மலைமீது போதித்தபோது, நாளைய உணவுக்காகக் கவலைப்பட்ட ஏழைச் சனங்களை நோக்கி, ஆகாயத்துப் பறவைகளைப் பார்க்கும்படி சொன்னார். அவை விதைப்பதுமில்லை, களஞ்சியத்தில் சேர்ப்பதுமில்லை, பரமபிதா அவற்றுக்கு உணவளிக்கிறார் என்று காட்டினார். அவர் சுவடியை எடுத்து வாசிக்கும்படி சொல்லவில்லை. அண்ணாந்து பார்க்கும்படி சொன்னார். மழைக்காக வானத்தைப் பார்த்தே வாழும் நமக்கு இந்தப் போதனை மற்றவர்களைவிட எளிதாய் விளங்க வேண்டும். ஆனால் நாம் கொக்கைக் கண்டிருக்கிறோமே தவிரப் பார்த்ததில்லை. கண்ணில் பட்டது வேறு, பார்த்தது வேறு. உச்சிவெயிலில் மஞ்சள்மூக்கு நாரை தன் கூட்டில் சிறகை விரித்து அசையாமல் நிற்பதை ஒருவன் கால்மணி நேரம் பொறுமையாய்ப் பார்த்தானென்றால், அது சும்மா நிற்கவில்லை, தன் குஞ்சுகளுக்குக் குடைபிடித்து நிற்கிறது என்று அறிவான். அன்று வீடு திரும்பித் தன் தாயின் முகத்தைப் பார்க்கும்போது அவனுக்கு வேறொரு நினைவு வரும். பார்ப்பதால் ஆகும் முதல் நன்மை இதுவே.

ஆனால் காரியம் இத்துடன் முடியவில்லை. வேதாகமத்தில் பறவைக்கூட்டைப் பற்றி ஒரு கட்டளையே இருக்கிறது. உபாகமம் 22-ம் அதிகாரத்தில் அதைக் காணலாம். வழியில் போகும் ஒருவன் மரத்திலோ தரையிலோ ஒரு கூட்டைக் காண்கிறான். தாய்ப்பறவை முட்டைகளின்மீதோ குஞ்சுகளின்மீதோ அமர்ந்திருக்கிறது. அவன் குஞ்சுகளோடு தாயையும் சேர்த்துப் பிடிக்கக் கூடாது. தாயைப் போகவிட வேண்டும். அப்படிச் செய்தால் அவனுக்கு நன்மை உண்டாகும், அவன் நீடித்து வாழ்வான் என்று மோயீசன் வழியாகச் சர்வேசுரன் வாக்களித்தார்.

இந்த வாக்குத்தத்தத்தை வேறெங்கோ கேட்ட ஞாபகம் வருகிறதல்லவா? பிதா மாதாவைச் சங்கித்திருப்பாயாக என்ற நாலாம் கற்பனைக்கும் இதே வாக்குத்தத்தந்தான் கொடுக்கப்பட்டிருக்கிறது. பெற்றோரை மதிப்பதற்கும் ஒரு கூட்டின்முன் கையை மடக்குவதற்கும் ஒரே கூலியா என்று நாம் வியக்கலாம். ஆனால் இரண்டும் ஒரே மரத்தின் கிளைகள். தன்னைப் பெற்ற தாயை மதிக்கிறவன், தாய்மை எங்கே இருந்தாலும் அதன்முன் சற்றே தயங்குவான்.

இக்கட்டளையில் இன்னொன்றையும் கவனியுங்கள். கூட்டைக் காணாதவனுக்கு இதில் வேலையில்லை. கண்டவனுக்குத்தான் கடமை. அதுவரை வழிப்போக்கனாயிருந்தவன், கூடு கண்ணில் பட்ட நிமிஷத்தில் பொறுப்பாளி ஆகிறான். அடிபட்டுக் கிடந்தவனைக் கண்ட சமாரித்தனுக்கும் இதுவே நேர்ந்தது. அவனுக்கு முன் அதே வழியில் போன இருவரும் கண்டார்கள், விலகிப் போனார்கள். ஆகையால் குற்றவாளிகள் ஆனார்கள். மனிதனும் பறவையும் ஒன்றல்ல. ஆனால் கண்டவனுக்குப் பொறுப்பு உண்டு என்ற நியாயம் ஒன்றே.

1896-ல் பம்பாயில் பிறந்த சலீம் அலி என்ற பறவை நூல் வல்லுநர் சிறுவனாயிருந்தபோது விளையாட்டுத் துப்பாக்கியால் ஒரு குருவியைச் சுட்டு வீழ்த்தினார். கையிலெடுத்துப் பார்க்க, அதன் கழுத்தில் சாதாரணக் குருவிக்கு இல்லாத ஒரு மஞ்சள் திட்டு இருந்தது. இது என்ன குருவி என்று மாமாவைக் கேட்டார். அவருக்கும் தெரியவில்லை. பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்துக்கு அனுப்பி வைத்தார். அங்கே ஓர் அதிகாரி அந்தப் பையனுக்கு நேரம் ஒதுக்கி, கழகத்தில் இருந்த பறவைத் தொகுப்பையெல்லாம் திறந்து காட்டினார். அன்று திறந்த கண் 1987-ல் அவர் மரிக்கும்வரை மூடவில்லை. ஆராய்ச்சிக்காக அவர் பின்னாளிலும் பறவைகளைச் சுட்டதுண்டு. அதை மறைக்க வேண்டியதில்லை. ஆயினும் நம் தேசத்தின் பறவைகளை அறியவும் காக்கவும் தம் ஆயுளைச் செலவிட்டார். 1985-ல் வெளிவந்த தம் வரலாற்றுக்கு, ஒரு சிட்டுக்குருவியின் வீழ்ச்சி என்று பொருள்படும்படி பெயரிட்டார். வீழ்ந்த குருவியை ஒருமுறை உற்றுப் பார்த்த கடனை ஆயுள் முழுவதும் அடைத்தார் என்றே சொல்ல வேண்டும்.

இவ்விடத்தில் சிலர், "மிருகத்துக்கு ஆத்துமம் நம்மைப் போன்றதல்லவே, பூமியை ஆளும்படி சர்வேசுரன் மனிதனுக்கல்லவா அதிகாரம் கொடுத்தார்?" என்பார்கள். மெய்தான். திருச்சபை மனிதனையும் மிருகத்தையும் ஒரே தட்டில் வைப்பதில்லை. ஆனால் ஆளுகை என்றால் என்ன? வீட்டை ஆள்கிற தகப்பன் பிள்ளைகளின் சோற்றைப் பறித்தால் அவனை ஆளுகிறவன் என்போமா? அர்ச். தோமாஸ் அக்வினாஸ் இந்தக் கூட்டைப் பற்றிய கட்டளையைப் போன்றவற்றை விளக்கும்போது, மிருகங்களிடத்தில் இரக்கம் பழகியவன் மனிதரிடத்திலும் இரங்கப் பழகுவான் என்ற கருத்தைச் சொன்னார். 1992-ல் வெளிவந்த திருச்சபையின் ஞானோபதேச நூல் மேலும் ஒன்றைச் சேர்த்தது: மிருகங்கள் தாங்கள் இருப்பதனாலேயே தங்களைச் சிருஷ்டித்தவருக்குத் தோத்திரம் செலுத்துகின்றன, அவற்றுக்கு நாம் தயை காட்டக் கடமைப்பட்டிருக்கிறோம், தேவையின்றி அவற்றைத் துன்புறுத்துவதும் கொல்லுவதும் மனித மேன்மைக்குத் தகாது. பாப்பரசர் பிரான்சிஸ் 2015-ல் வெளியிட்ட நிருபத்தில், ஒவ்வொரு சிருஷ்டியும் நமக்குப் பயன்படுவதைத் தவிரச் சர்வேசுரன் பார்வையில் தனக்கென ஒரு மதிப்பு உள்ளது என்று போதித்தார். ஆகவே கூழைக்கடா நமக்கு என்ன பிரயோசனம் என்று கேட்கலாம். ஆனால் அதன் மதிப்பு அந்தக் கேள்விக்கான பதிலோடு முடிந்துவிடுவதில்லை.

இப்போது நம் வாலிபர்களுக்கு ஒரு வார்த்தை. துப்பாக்கியும் கண்ணியும் கொண்டுபோகாதவன் பறவைக்குத் தீங்கு செய்யமாட்டான் என்று எண்ணிவிடாதீர்கள். பார்க்கும் ஆசையினாலேயே கொல்ல முடியும். எப்படியென்றால், கிட்டே போய்ப் படம் எடுக்க ஆசைப்பட்டு ஒருவன் கூட்டுமரத்தை நெருங்குகிறான். தாய்ப்பறவைகள் அஞ்சி எழும்பிப் பறக்கின்றன. அவன் நல்ல படம் கிடைத்ததென்று மகிழ்ந்து நிற்கும் அந்தப் பத்து நிமிஷத்தில் காக்கைகள் வந்து முட்டைகளைக் கொத்துகின்றன. இறகு முளைக்காத குஞ்சின்மீது நேர்வெயில் விழுகிறது. அவன் வீட்டுக்குப் போய்ப் படத்தை எல்லாருக்கும் காட்டுகிறான்; தான் செய்ததை அறியவே மாட்டான். நேசிக்கிறேன் என்று சொல்லிக்கொண்டு, நேசிக்கப்பட்டதைத் தன் இன்பத்துக்காக வதைக்கும் இந்தக் குற்றம் கண்மாயோடு நிற்பதில்லை. பிள்ளைகளை நேசிக்கிறோம் என்று சொல்லி அவர்கள்மீது நம் விருப்பத்தைச் சுமத்தும் பெற்றோரும், சிநேகிதன் என்று சொல்லி அவன் அந்தரங்கத்தைத் துருவிப் பார்ப்பவனும் இதே குற்றத்தையே செய்கிறார்கள். மெய்யான அன்பு எங்கே நெருங்க வேண்டும், எங்கே நிற்க வேண்டும் என்று அறியும்.

அப்படி நிற்க அறிந்த சனங்கள் நமக்குத் தூரத்தில் இல்லை. சிவகங்கை மாவட்டத்தில் திருப்பத்தூர் அருகே வேட்டங்குடிப்பட்டி, பெரிய கொள்ளுக்குடிப்பட்டி, சின்னக் கொள்ளுக்குடிப்பட்டி என்னும் கண்மாய்கள் இருக்கின்றன. அரசாங்கம் 1977-ல் அவற்றைப் பறவைச் சரணாலயமாக்கியது. அங்கே கூடுகட்டும் பறவைகள் அஞ்சி ஓடிவிடக் கூடாது என்பதற்காகக் கொள்ளுக்குடிப்பட்டிச் சனங்கள் பல பத்தாண்டுகளாகத் தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை. வனத்துறையார் தீபாவளிக்கு அவர்களுக்கு இனிப்பு வழங்கி மரியாதை செய்கிறார்கள். நமக்கு இன்னும் அருகே, கமுதிக்கு அப்பால் முதுகுளத்தூர்ப் பக்கத்தில் சித்திரங்குடி, காஞ்சிரங்குளம் என்னும் கண்மாய்கள் 1989-ல் பறவைச் சரணாலயங்களாயின. 2022-ல் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலிலும் இடம்பெற்றன. நம்மைப் போலவே வானம் பார்த்த பூமியில், நம்மைப் போலவே மழைத் தண்ணீர் தேக்கிய கண்மாய்கள்தாம் அவை.

செங்கற்பட்டுச் சீமையில் வேடந்தாங்கல் சனங்களின் கதையோ இன்னும் பழையது. 18-ம் நூற்றாண்டின் கடைசியில் வெள்ளைக்காரச் சிப்பாய்கள் அங்கே வந்து பறவைகளைச் சுட்டார்கள். குடியானவர்கள் கலெக்டர் லையனல் பிளேஸ் என்பவரிடம் முறையிட்டுப் பறவைகளைக் காக்கும் உத்தரவு பெற்றார்கள். அவர்கள் முறையீட்டில் சுயலாபமும் இருந்தது. பறவை எச்சம் கலந்த ஏரித்தண்ணீர் வயலுக்கு உரமாகும் என்பது அவர்கள் அனுபவத்தில் கண்ட உண்மை. லாபம் கருதியதால் அவர்கள் செய்தது புண்ணியமாகாதோ? அப்படிச் சொல்ல நமக்கு மனம் வரவில்லை. பறவை மரத்தில் வாழ, அதன் எச்சம் நீரில் விழ, நீர் வயலில் பாய, நெல் வீட்டுக்கு வருகிறது. ஒன்று வாழ்ந்தால் மற்றொன்றும் வாழும்படி இவ்வுலகத்தைப் படைத்தவர் சர்வேசுரன். அதைக் கண்டறிந்து நன்றியோடு நடந்தவனை லாபக்காரன் என்று பழிப்பது நியாயமாகாது.

ஆனாலும் கொள்ளுக்குடிப்பட்டிச் சிறுவனை நினைத்துப் பாருங்கள். அடுத்த ஊர்ப் பையன்கள் வெடி வெடிக்கிறார்கள். சத்தம் காதில் விழுகிறது. இவன் கையில் ஒன்றுமில்லை. ஏன் என்று கேட்டால், கண்மாயில் நாரை குஞ்சு பொரித்திருக்கிறது என்று தாய் சொல்கிறாள். அந்த நாரை இவனுக்கு நன்றி சொல்லப் போவதில்லை. இவன் விட்டுக்கொடுத்தான் என்று அதற்குத் தெரியவும் தெரியாது. கைம்மாறு செய்ய முடியாதவர்களை விருந்துக்கு அழையுங்கள் என்று சேசுநாதர் சொன்னாரே, அந்தப் புண்ணியத்தின் ஆரம்பப் பாடம் இதைவிட வேறெங்கே கிடைக்கும்? அவர்களில் பெரும்பாலோர் நம் வேதத்தைச் சேர்ந்தவர்கள் அல்லர். வேதம் வாசிக்கிற நாம் அவர்களிடம் கற்றுக்கொள்ள வெட்கப்பட வேண்டியதில்லை.

இங்கே ஒரு கஷ்டமான கேள்வி எழும்பும். அதை மறைப்பது நேர்மையல்ல. நாம் வாழ்வது விருதுநகர் மாவட்டம். இந்தியா முழுவதும் வெடிக்கிற பட்டாசில் பெரும்பங்கு சிவகாசி வட்டாரத்தில் செய்யப்படுகிறது. மழை பொய்த்த ஆண்டுகளில் கரிசல் காட்டுக் குடும்பங்கள் பலவற்றுக்கு அடுப்பெரிந்தது அந்தத் தொழிலால்தான். இதை வாசிக்கிற வீடுகளிலும் அந்தக் கூலியில் சாப்பிட்டு, அந்தக் கூலியில் பள்ளிக்கூடம் போனவர்கள் இருக்கக்கூடும். "பறவைக்காக வெடிக்காதே என்கிறீர்களே, எங்கள் பிழைப்பு என்னாவது?" என்று அவர்கள் கேட்டால் என்ன பதில்?

முதலில் ஒன்றைத் தெளிவாய்ச் சொல்லுகிறோம். மனிதன் பசித்திருக்கப் பறவையைச் சீராட்டும்படி வேதம் எங்கும் சொல்லவில்லை. யாத்திராகமம் 23-ம் அதிகாரத்தில் ஏழாம் ஆண்டு நிலத்தைத் தரிசாய் விடும்படி கட்டளையிட்டபோது, தானாய் விளைந்ததை முதலில் ஏழைகள் உண்ணவும், அவர்கள் விட்டதைக் காட்டு மிருகங்கள் உண்ணவும் சொல்லப்பட்டது. முன்னே ஏழை, பின்னே மிருகம்: இதுதான் வரிசை. மேலே சொன்ன ஞானோபதேச நூலும், மனிதத் துயரை நீக்கச் செலவிட வேண்டிய பணத்தை மிருகங்களுக்குச் செலவிடலாகாது என்றே போதிக்கிறது. ஆனால் வரிசையில் பின்னே நிற்பவனுக்கும் பங்கு உண்டு என்பதை மறக்கலாகாது. ஏழை உண்டபின் மிச்சத்தையும் வாரிக்கொண்டு போகிற உரிமை எவனுக்கும் கொடுக்கப்படவில்லை.

இனி, நாம் கேட்பது எவ்வளவு? பட்டாசுத் தொழில் அழிய வேண்டும் என்று கேட்கவில்லை. பறவை கூடுகட்டியிருக்கிற கண்மாயின் அருகில், அது குஞ்சு பொரிக்கிற மாதங்களில் மட்டும் வெடிக்க வேண்டாம் என்று கேட்கிறோம். இதனால் ஒரு தொழிலாளியின் கூலியும் குறைந்துவிடப் போவதில்லை. குறைவது நம்முடைய சில நிமிஷ ஆரவாரம். பிழைப்பைக் காட்டி ஆரவாரத்துக்கு நியாயம் தேடுகிறோமா என்று நம் மனச்சாட்சியை நாமே கேட்டுக்கொள்ள வேண்டும்.

பசிக்காகப் பறவை பிடித்தவர்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. பஞ்ச காலங்களில் கண்மாயில் கொக்கும் மடையானும் பிடித்துக் குழம்பு வைத்தவர்கள் நம் சீமையில் இருந்தார்கள். அவர்களைத் தீர்ப்பிட நாம் யார்? மோயீசன் கட்டளையும் பசித்தவனுக்கு அறவே தடை விதிக்கவில்லை. தாயை விட்டுவிடு என்றுதான் சொன்னது. கரிசல் சம்சாரிக்கு இது எளிதில் விளங்கும். எவ்வளவு பசியிலும் விதைக் கம்பை வைத்துவிட்டு மற்றதை உண்கிறவன் அல்லவா அவன்? ஆனால் இன்று நிலைமை வேறு. 1972-ம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் இப்பறவைகளை வேட்டையாடுவதையும் முட்டைகளை எடுப்பதையும் குற்றமாக்கியிருக்கிறது. இன்று பெரும்பாலும் கொக்கு வறுவல் தேடுகிறவன் பசித்தவன் அல்லன். காசுள்ளவனே நாவின் ருசிக்காகத் தேடுகிறான். பசிக்குச் சொன்ன நியாயம் ருசிக்குப் பொருந்தாது.

கர்த்தர் பிறந்த திருநாள் நெருங்கி வருகிறது. நடுச்சாமப் பூசையில் சம்மனசுகளின் கீதம் பாடிவிட்டு வெளியே வந்ததும் நம் பிள்ளைகள் வெடிக்கட்டைப் பற்ற வைப்பார்கள். அதே வேளையில் கண்மாய்க் கருவேல மரங்களில் தாய்ப்பறவைகள் பனியில் தங்கள் குஞ்சுகளை அணைத்துக்கொண்டிருக்கும். இருளில் திடுக்கிட்டு எழும்பும் பறவை தன் கூட்டை எளிதில் கண்டடையாது. சத்திரத்தில் இடமில்லாமல், மிருகங்களின் கொட்டகையில், தீவனத் தொட்டியில் ஒரு தாய் தன் பாலகனைக் கிடத்திய இரவை நாம் கொண்டாடுகிறோம். அந்த இரவில் இன்னொரு தாயைக் கூட்டிலிருந்து துரத்திவிட்டுக் கொண்டாடுவது நமக்குத் தகுமா? கண்மாய் அருகிலுள்ள ஊர்களில் இவ்வாண்டு வெடிக்குப் பதில் ஆளுக்கொரு மெழுகுவர்த்தி பிடித்துச் சேசு பாலகனைக் குடிலுக்குப் பவனியாய்க் கொண்டுபோகலாம். வெடிக்கு வைத்த பணத்தில் ஒரு பங்கை, வேட்டியும் சேலையும் எடுக்க வழியில்லாத ஒரு குடும்பத்துக்குக் கொடுக்கலாம். முன்னே ஏழை, பின்னே மிருகம் என்ற வரிசை அங்கே ஒருங்கே நிறைவேறும். ஆகமன காலத்துக்கு இதைவிட நல்ல ஒறுத்தல் எது?

இனி வாலிபர்கள் போகட்டும் என்றே சொல்லுகிறோம். ஆனால் விருந்தாளியைப் போல் போகட்டும். அவர்கள் கவனிக்க வேண்டியவை இவை:

முதலாவது, ஊர்ப் பெரியவர்களிடம் சொல்லிவிட்டுப் போக வேண்டும். சரணாலயமானால் வனத்துறையின் அனுமதி பெற வேண்டும். கூடாரத்தைக் கூட்டுமரங்களுக்குத் தூரத்தில் போட வேண்டும். கரையின்மீதும் மடைவாயிலும் போடக் கூடாது.

இரண்டாவது, ஒலிபெருக்கியும் பாட்டும் வேண்டாம். சமையல் நெருப்பை வெட்டவெளியில் மூட்டி, படுக்குமுன் தண்ணீர் ஊற்றி அணைக்க வேண்டும். மரத்தின்மீது விளக்கடிக்கக் கூடாது.

மூன்றாவது, விடியுமுன் எழுந்து ஜெபம் சொல்லி, பளிச்சென்ற உடை தவிர்த்து, ஓரிடத்தில் அமர்ந்து பார்க்க வேண்டும். பறவை உங்களைக் கண்டு எழும்பினால் நீங்கள் அளவுக்கு மிஞ்சி நெருங்கிவிட்டீர்கள் என்று அறிந்து பின்வாங்குங்கள். பைனாகுலர் ஒன்று இருந்தால் பத்துப் பேர் மாறி மாறிப் பார்க்கலாம். கண்டதை ஒரு நோட்டில் தேதியோடு எழுதி வையுங்கள்.

நான்காவது, கொண்டுபோன பிளாஸ்டிக் பையும் தாளும் உங்களோடு திரும்பிவர வேண்டும். பிறர் போட்டுப்போனதையும் கொஞ்சம் பொறுக்கி வந்தால் மிகவும் நல்லது.

ஐந்தாவது, ஞாயிறு பூசையைத் தவறவிடக் கூடாது. சிருஷ்டிகளைப் பார்க்கப் போய்ச் சிருஷ்டிகரை மறந்தால் போனதில் பயனில்லை.

இவ்வாறு போனவர்கள் பறவையை மட்டுமல்ல, கண்மாயையும் பார்ப்பார்கள். வரத்துக்கால் எங்கே தூர்ந்திருக்கிறது, எங்கே ஆக்கிரமிப்பில் போயிருக்கிறது, எங்கே சீமைக்கருவேலம் அடைத்திருக்கிறது என்று கண்ணில் படும். கண்மாய்க்குத் தண்ணீர் வராவிட்டால் பறவையும் வராது, நெல்லும் வராது, கிணற்றில் ஊற்றும் குறையும். கூட்டைக் கண்டவனுக்குக் கூட்டின்மேல் கடமை. கண்மாயைக் கண்டவனுக்கு ஊரின்மேல் கடமை. மண்வெட்டியோடு ஒரு சனிக்கிழமை மீண்டும் அங்கே போக அவர்களுக்குத் தோன்றினால், அப்பத்தாவின் கேள்விக்குப் பாதிப் பதில் கிடைத்துவிடும்.

மீதிப் பதிலையும் சொல்லி முடிப்போம். சேசுநாதர் காலத்தில் இரண்டு குருவிகள் ஒரு காசுக்கு விற்றன. அர்ச். லூக்காஸ் எழுதிய சுவிசேஷத்திலோ இரண்டு காசுக்கு ஐந்து குருவிகள் என்று இருக்கிறது. கணக்குப் பாருங்கள்: ஐந்தாவது குருவி கொசுறு. விலையே இல்லாதது. அந்தக் கொசுறுக் குருவியையும் பரமபிதா மறப்பதில்லை என்றார் நம் ஆண்டவர். சந்தையில் விலைபோகாத எத்தனையோ பேர் நம் நடுவில் இருக்கிறார்கள்: வேலைக்குப் போக முடியாத முதியவர், புத்தி வளராத பிள்ளை, திண்ணையில் பேச ஆளில்லாமல் உட்கார்ந்திருக்கும் விதவை. விலையற்ற ஒரு பறவையை நின்று பார்க்கக் கற்றுக்கொண்டவன், இவர்கள் வீட்டு வாசலைக் கடக்கும்போதும் நின்று பார்ப்பான் என்று நம்புகிறோம். அப்படிப் பார்க்காவிட்டால், அப்பத்தா சொன்னதே சரி. அவன் தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டதுதான் மிச்சம்.

வாலிபர்களே, போய் வாருங்கள். திரும்பி வந்ததும் அந்த அப்பத்தாவிடம் போய் உட்கார்ந்து, கண்டதையெல்லாம் சொல்லுங்கள். நாரை தன் குஞ்சுக்குச் சிறகால் குடைபிடித்து நின்றதைச் சொல்லுங்கள். பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கிய அவருக்கு அது உங்களைவிட நன்றாய் விளங்கும்.

சகல சிருஷ்டிகளின் கர்த்தராகிய சர்வேசுரனுக்குத் தோத்திரம் உண்டாவதாக.